ஒரு பெரிய படமா, மூன்று நடுத்தரப் படங்களா, சுவர் நிறையவா? ஆணி அடிக்கும் முன் அளந்து பார்க்க வேண்டியவை

வீட்டுச் சுவர்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் குறை இரண்டு. படம் சிறியதாக இருக்கும், அதுவும் உயரத்தில் போய் உட்கார்ந்திருக்கும். இரண்டும் தனித்தனிக் குறைகள் என்று நினைத்துப் பலர் ஆணியை நாலு அங்குலம் இறக்கிப் பார்க்கிறார்கள், மறுபடி ஏற்றிப் பார்க்கிறார்கள், எங்கே வைத்தாலும் ஏதோ ஒட்டாமல் இருக்கிறது. அளவு தப்பாக இருந்தால் அந்தப் படத்துக்குச் சரியான உயரம் என்று ஒன்று கிடைக்கவே கிடைக்காது. இதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

சோபாவின் முதுகு தரையிலிருந்து 34 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். சோபாவுக்கும் படத்தின் கீழ் விளிம்புக்கும் நடுவே 6 முதல் 10 அங்குலம் இருந்தால் இரண்டும் ஒரு ஜோடியாகத் தெரியும், அதைத் தாண்டினால் படம் தனியாக மிதக்க ஆரம்பிக்கும். 8 அங்குலம் விட்டால் கீழ் விளிம்பு 42 அங்குலத்தில் வரும். இன்னொரு பக்கம், அருங்காட்சியகங்களிலும் ஓவியக் கூடங்களிலும் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் வரும்படி மாட்டுவது வழக்கம், நிற்பவரின் கண்மட்டம் கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கும் என்பதால். இப்போது 32 அங்குல உயரமுள்ள ஒரு படத்தை எடுங்கள். கீழ் விளிம்பு 42, பாதி உயரம் 16, ஆக நடுப்புள்ளி 58. இரண்டு விதியும் சண்டையில்லாமல் ஒத்துப்போகின்றன. அதே இடத்தில் 18 அங்குல உயரப் படத்தை வைத்தால் நடுப்புள்ளி 51ல் நின்றுவிடும். கண்மட்டத்துக்குக் கொண்டுவர 58க்கு ஏற்றினால் சோபாவுக்கு மேலே 15 அங்குலம் வெறுமையாகத் தெரியும். இறக்கினால் பள்ளம், ஏற்றினால் அந்தரம். ஆகவே "எவ்வளவு உயரத்தில் மாட்டுவது" என்று கேட்பதற்கு முன் "எவ்வளவு பெரிய படம்" என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும், அதற்கும் முன்னால் சுவரையும் கீழே இருக்கும் சாமானையும் அளக்க வேண்டும். பிடித்த படத்தை வாங்கிவிட்டு இடம் தேடுவது கடைசி வழியாக இருக்கட்டும்.

அகலத்துக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்யும். கீழே சோபா, கட்டில், மேசை, அலமாரி என்று எது இருக்கிறதோ அதன் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு முதல் முக்கால் பங்கு வரை. 6 அடி சோபா என்றால் 72 அங்குலம், அதற்கு மேலே 48 முதல் 54 அங்குலம். இது சட்டத்தையும் சேர்த்த வெளி அளவு. ஒரே படமாக இருந்தாலும் நாலைந்து படங்கள் சேர்ந்த கூட்டமாக இருந்தாலும் இதே கணக்குதான், கூட்டம் என்றால் முதல் படத்தின் இடது விளிம்பிலிருந்து கடைசிப் படத்தின் வலது விளிம்பு வரை, நடுவிலுள்ள இடைவெளிகளையும் சேர்த்து. கீழே எதுவுமே இல்லாத சுவர் என்றால் சுவரின் அகலத்தில் பாதிக்கு மேல், முக்காலுக்குள் வைத்துக்கொள்ளலாம். சுவர் என்று நான் சொல்வது கண்ணுக்குத் தெரிகிற வெற்றிடத்தை. திரைச்சீலை விரிந்தால் மறைக்கும் பகுதி, கதவு திறந்தால் போய் முட்டும் பகுதி, சுவிட்ச் பலகை, இவற்றையெல்லாம் கழித்துவிட்டு அளக்க வேண்டும்.

இந்த 50 அங்குலம் சொச்சத்தை எப்படி நிரப்புவது என்பதில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது.

ஒரே பெரிய படம்

எனக்கு முதல் விருப்பம் இதுதான், குறிப்பாகக் கூடத்துக்கும் படுக்கையறைக்கும். கண் போய் நிற்க ஒரே இடம் இருக்கிறது, ஏற்கெனவே சாமான்கள் நிறைந்த அறையில் அது பெரிய நிம்மதி. இரண்டே ஓட்டை. மட்டம் பார்ப்பதும் ஒரே முறை. பெரிய படம் வைத்தால் சின்ன அறை இன்னும் சின்னதாகத் தெரியும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது, நடப்பது பெரும்பாலும் நேர்மாறாக. சின்ன அறையில் நாலு துண்டு துக்காணிப் படங்கள் இருந்தால்தான் இடம் நெரிசலாகத் தெரியும்.

குறைகளும் உண்டு. முதலில் எடை. 48க்கு 32 அங்குலம் என்றால் கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர். 2 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டால் கண்ணாடி மட்டுமே 5 கிலோ வரும், அதற்கு மேல் மரச்சட்டம், பின்னட்டை. அதே தடிமனில் அக்ரிலிக் (கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் தகடு) போட்டால் அதில் பாதிக்கும் குறைவு, கேன்வாஸ் என்றால் கண்ணாடியே வேண்டாம். கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே மாட்டுவதாக இருந்தால் நான் கேன்வாஸ் அல்லது அக்ரிலிக் தவிர வேறொன்றையும் பரிந்துரைக்க மாட்டேன், தூங்குகிறவர் தலைக்கு மேலே கண்ணாடி தொங்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டாவது, வீடு மாறினால் இந்த அளவு புதுச் சுவருக்குப் பொருந்துமா என்ற கேள்வி. அடிக்கடி வீடு மாற்றுகிறவர்களுக்கு இது நிஜமான தடை, அவர்கள் அடுத்த வழிக்குப் போவது நல்லது.

சொந்தமாக எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக்கலாமா என்று கேட்பார்கள். 12 மெகாபிக்சல் படத்தில் நீளவாட்டில் 4000 புள்ளிகள் இருக்கும், அதை 48 அங்குலத்துக்கு இழுத்தால் ஓர் அங்குலத்துக்கு 83 புள்ளி. பக்கத்தில் போய் மூக்கை வைத்துப் பார்த்தால் மங்கல் தெரியும். எதிரே 8 அடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிற சுவருக்கு அது தாராளமாகப் போதும். அதே படத்தை 3 அடியில் நின்று பார்க்கிற நடைவழியில் வைப்பதாக இருந்தால் இவ்வளவு இழுக்காதீர்கள்.

இரண்டு அல்லது மூன்று படங்கள்

நடுத்தரமான வழி, எளிதில் கெட்டுப்போகாத வழியும்கூட. ஆனால் இதில் அளவைக் கவனிக்காமல் விட்டால் மொத்த அகலம் குறைந்துபோகும். A3 தாளின் அளவு 29.7க்கு 42 சென்டிமீட்டர். மூன்று A3 படங்களை நெட்டுவாக்கில், 2 சென்டிமீட்டர் பட்டைச் சட்டம் போட்டு, நடுவில் 5 சென்டிமீட்டர் விட்டு மாட்டினால் மொத்தம் 111 சென்டிமீட்டர், அதாவது 44 அங்குலம் போலத்தான் வரும். 6 அடி சோபாவுக்கு அது குறைவு. அதே படங்களுக்குச் சுற்றிலும் 4 சென்டிமீட்டர் மவுண்ட் அட்டை வைத்துச் சட்டம் போட்டால் ஒவ்வொன்றும் 41.7 சென்டிமீட்டர் ஆகும், மூன்றும் இடைவெளியும் சேர்ந்து 135, அதாவது 53 அங்குலம். கச்சிதம். படம் மாறவில்லை, தாள் மாறவில்லை, ஒரு வெள்ளை அட்டை ஓரம் மட்டும் சேர்ந்ததில் சுவருக்குப் போதாமல் இருந்தது போதுமானதாகிவிட்டது. ஆகவே சட்டம் போடக் கொடுக்கும்போது வெளி அளவு எவ்வளவு வரும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

A வரிசைத் தாள்களில் ஒரு வசதி: A4, A3, A2 எல்லாவற்றிலும் நீள அகல விகிதம் ஒன்றே, அதனால் A4ல் இருக்கும் படத்தை A2வுக்குப் பெரிதாக்கினால் ஓரம் எதுவும் வெட்டுப்படாது. கேமராப் படங்கள் 3க்கு 2, 4க்கு 3 என்ற விகிதங்களில் வருபவை, அவற்றை A தாளில் முழுக்க நிரப்பினால் எங்கோ ஓர் ஓரம் போகும். யாராவது ஓரத்தில் நிற்கும் குடும்பப் படமாக இருந்தால் முதலிலேயே கவனித்துக்கொள்வது நல்லது.

மூன்று படம் என்றால் மூன்றுக்கும் ஒரே சட்டம், ஒரே மவுண்ட், ஒரே உயரம். இடைவெளி 2 அங்குலம் போதும், 3க்கு மேல் போனால் கூட்டு கலைந்துவிடும். இந்த இடைவெளிகள் இரண்டும் சமமாக இல்லையென்றால் கால் அங்குல வித்தியாசத்தைக்கூடக் கண் கண்டுபிடித்துவிடும், அப்புறம் தினமும் அதுதான் தெரியும். ஒரே காட்சியை மூன்றாகத் துண்டு போட்டு விற்கிறார்களே, அதில் எனக்கு அவ்வளவு விருப்பம் இல்லை. கடல், வானம், மரக்கூட்டம் என்றால் தாங்கும். முகமோ மிருகமோ நடுவில் வெட்டுப்பட்டு நிற்பதைத் தினம் பார்க்க முடியாது.

சுவர் நிறையச் சின்னச் சின்னப் படங்கள்

18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் லூவ்ர் அரண்மனையில் நடந்த சலோன் கண்காட்சிகளில் ஓவியங்களைத் தரையிலிருந்து கூரை வரை நெருக்கி அடுக்கியிருப்பார்கள், சட்டத்தோடு சட்டம் உரசும் அளவுக்கு. இன்று வீடுகளில் செய்யும் படச்சுவர் அந்த வழியில் வந்ததுதான். சேர்த்து வைக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி கிடையாது. குழந்தை வரைந்தது, பயணத்தில் வாங்கியது, பழைய குடும்பப் படம் என்று எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கும், பின்னால் வருவதற்கும் இடம் கிடைக்கும். மாடிப்படிச் சுவருக்கு என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் ஏறி இறங்கும்போது கண்மட்டம் மாறிக்கொண்டே இருப்பதால் ஒரே படத்துக்கு அங்கே ஒரே உயரம் கிடையாது. படிகளின் சாய்வுக்கு இணையாக ஒரு கோடு இழுத்து, படங்களின் நடுப்புள்ளிகளை அந்தக் கோட்டை ஒட்டி வைத்துக்கொண்டே போனால் சரியாக வரும்.

ஆனால் இதற்குப் பொறுமை வேண்டும். மொத்தக் கூட்டத்தையும் ஒரே படமாக நினைத்து வெளி எல்லையை முதலில் முடிவு செய்ய வேண்டும், அந்த எல்லைக்குப் பழைய மூன்றில் இரண்டு பங்குக் கணக்கே பொருந்தும். பிறகு அதே அளவைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்து, படங்களை அதற்குள் பரப்பி, பெரியதை நடுவுக்குச் சற்று இடதிலோ வலதிலோ கீழ்ப்பக்கமாக வைத்து, மற்றவற்றை அதைச் சுற்றி அமைத்து, எங்கும் 2, 3 அங்குலத்துக்குள் இடைவெளி வரும்படி நகர்த்தி, பிடித்துப்போன பிறகு நாற்காலி மேல் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையைச் சுவரிலேயே நேரடியாகச் செய்யப் போனால் ஓட்டைகள்தான் மிஞ்சும். படங்கள் எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், ஏதாவது ஒன்று பொதுவாக இருந்தால் போதும்: எல்லாச் சட்டமும் கறுப்பு, அல்லது எல்லா மவுண்டும் வெள்ளை, அல்லது எல்லாமே கறுப்பு வெள்ளைப் புகைப்படம். எதுவுமே பொதுவாக இல்லாவிட்டால் அது வெறும் கூட்டமாகத்தான் தெரியும். தூசி தட்டுகிற வேலையும் ஒன்றுக்குப் பத்தாக இருக்கும், அதையும் நினைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

நிறைய ஓட்டை போட மனமில்லை, அடிக்கடி மாற்றவும் ஆசை என்கிறவர்களுக்கு 4 அங்குல ஆழத்தில், முன்னால் சின்ன விளிம்பு வைத்த ஒரு நீளத் தட்டு போதும். இரண்டு மூன்று திருகாணியில் தட்டு நின்றுவிடும், அதன் மேல் படங்களை ஒன்றன்மேல் ஒன்று லேசாக மறைக்கிற மாதிரிச் சாய்த்து வைக்கலாம், நினைத்தபோது மாற்றலாம். கட்டிலுக்கு மேலேயும் சின்னக் குழந்தைகள் ஏறி எட்டுகிற இடத்திலும் இது வேண்டாம்.

சின்னப் படம்தான் இருக்கிறது, அதுவும் மிகவும் பிடித்தது

இப்படியும் இருக்கும். மோனா லிசா 77க்கு 53 சென்டிமீட்டர்தான். இன்று அருங்காட்சியகமாக இருக்கும் லூவ்ரில் அது தொங்கும் அதே அறையில் எதிர்ச்சுவரில் இத்தாலிய ஓவியர் வெரொனேசேயின் கானா திருமண ஓவியம் 10 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான அகலத்தில் சுவரையே நிரப்பிக்கொண்டு இருக்கிறது, மோனா லிசாவுக்கோ அவ்வளவு பெரிய அறையின் நடுவில் தனியாக ஒரு சுவரே கொடுத்து வைத்திருக்கிறார்கள். அப்படி இருந்தும் நேரில் பார்க்கிறவர்களில் பலர் இவ்வளவுதானா என்று வியக்கிறார்கள். வீட்டில் அந்த மரியாதைக்கு வழியில்லை. பெரிய சுவரின் நடுவே சின்னப் படத்தை மாட்டினால் நெற்றியில் பொட்டு வைத்தது போலத்தான் இருக்கும். பொட்டுக்கு அது அழகு, படத்துக்கு அழகில்லை.

இரண்டு வழி உண்டு. ஒன்று, மவுண்டைத் தாராளமாக விடுவது. 15க்கு 20 சென்டிமீட்டர் கோட்டோவியத்தை 50க்கு 60 சட்டத்தில் போட்டால் பக்கங்களில் 17.5, மேலும் கீழும் 20 சென்டிமீட்டர் வெள்ளை கிடைக்கும். அவ்வளவு வெண்மைக்கு நடுவில் அந்தக் கோடுகளுக்குத் தானாகவே ஒரு கவனம் வந்துவிடும். மற்றது, படத்தைக் குறுகிய இடத்துக்குக் கொண்டுபோவது. இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே உள்ள துண்டுச் சுவர், எழுதும் மேசைக்கு மேலே, கதவுக்குப் பக்கத்தில், நடைவழியில். நுணுக்கமான வேலைப்பாடு உள்ள படங்களுக்கு நடைவழிதான் சிறந்த இடம், 3 அடிக்கு மேல் விலகி நிற்க வாய்ப்பே இல்லாததால் ஒவ்வொரு கோடும் தெரியும். பெரிய படத்தை அங்கே வைத்தால் முழுதாகப் பார்க்கவே முடியாது.

உயரத்தில் வரும் விதிவிலக்குகள்

57, 60 அங்குலம் என்பது நின்று பார்க்கும் இடங்களுக்கு. சாப்பாட்டு மேசை, படிக்கும் அறை என்று உட்கார்ந்தே இருக்கும் இடங்களில் மூன்று நாலு அங்குலம் இறக்கலாம், நன்றாகவே இருக்கும். கீழே சாமான் இருந்தால் சாமானுக்கும் படத்துக்கும் உள்ள இடைவெளிக்குத்தான் முதலிடம், கண்மட்டம் அடுத்து. கூரை உயரமாக இருக்கிறது என்பதற்காகப் படத்தை மேலே ஏற்றுவது வேண்டவே வேண்டாம். பார்க்கிறவரின் கண் உயரம் கூரையோடு சேர்ந்து வளர்வதில்லை. மேலே வெறுமை உறுத்தினால் நெட்டுவாக்கில் உயரமான படம் எடுங்கள், அல்லது இரண்டைத் தலைக்கு மேல் தலையாக மாட்டி இரண்டின் பொது நடுவையும் கண்மட்டத்தில் வையுங்கள்.

சுவரின் நடுவா, சோபாவின் நடுவா என்பது இன்னொரு குழப்பம். சோபா அந்த இடத்திலேயே நிலையாக இருக்கப்போகிறது என்றால் சோபாவின் நடு. ஒரு பக்கம் நிற்கும் விளக்கோ சின்ன மேசையோ சேர்ந்து ஒரு தொகுப்பாக இருந்தால் அந்தத் தொகுப்பின் நடு. சுவரின் நடு என்பது கீழே எதுவும் இல்லாதபோது மட்டும்.

வெளிச்சத்தையும் பார்த்துவிட வேண்டும். நீர்வண்ண ஓவியம், காகித ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ், எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் என்று வரம்பு வைத்துக் காப்பாற்றுவது வழக்கம் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). வெயில் நேராக விழும் சுவரில் இதெல்லாம் எத்தனையோ மடங்கு தாண்டிப்போய்விடும், ஒருமுறை வெளுத்த வண்ணம் திரும்பி வராது. மூலப் படைப்பை அங்கே மாட்டாதீர்கள், மறுபடி அச்சடித்துக்கொள்ளக்கூடிய பிரிண்டை மாட்டுங்கள். ஜன்னலுக்கு நேர் எதிர்ச்சுவரில் கண்ணாடி போட்ட படம் வைத்தால் பகல் முழுக்க ஜன்னலின் பிம்பம்தான் தெரியும், அங்கே கேன்வாஸ் அல்லது பளபளப்பில்லாத அக்ரிலிக். ஆவி படியும் குளியலறையிலும் அடுப்புக்குப் பக்கத்திலும் காகிதமே வேண்டாம்.

எல்லாம் முடிவு செய்த பிறகும் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை. செய்தித்தாள்களை ஒட்டி, முடிவு செய்த வெளி அளவுக்கே வெட்டி, மாஸ்கிங் டேப்பால் அந்த இடத்திலேயே ஒட்டுங்கள். வாசலில் நின்று பாருங்கள், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், இரவு விளக்கிலும் பாருங்கள். முதல் பார்வையில் "இவ்வளவு பெரிசா" என்றுதான் தோன்றும், வெற்றுச் சுவருக்குப் பழகிய கண் அப்படித்தான் சொல்லும். கிழித்துவிடாமல் இரண்டு மூன்று நாள் இருக்கட்டும். அதற்குப் பிறகும் பெரிதாகத் தெரிந்தால் ஓரத்தை மடித்துச் சுருக்குங்கள், செய்தித்தாளுக்குச் செலவில்லை. இரண்டு அளவுக்கு நடுவில் தடுமாறினால் பெரியதை எடுங்கள் என்பதே நான் எல்லோருக்கும் சொல்வது.

ஆணி எங்கே என்பதையும் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். முதலில் பார்த்த 32 அங்குல உயரப் படத்தையே எடுத்துக்கொண்டால் நடுப்புள்ளி 58, படத்தின் பாதி உயரம் 16, இரண்டையும் கூட்டினால் 74. படத்தின் பின்னால் இருக்கும் கம்பியை விரலால் மேல்நோக்கி இறுக்கிப் பிடித்து, அந்த உச்சியிலிருந்து சட்டத்தின் மேல் விளிம்பு வரை அளங்கள். 3 அங்குலம் என்றால் 74லிருந்து 3ஐக் கழித்து 71ல் ஆணி. கம்பியைத் தளர்வாக வைத்து அளந்தால் அந்த ஒன்றரை இரண்டு அங்குலம் அப்படியே இறங்கிவிடும். அகலமான படத்துக்கு ஒரு கொக்கிக்குப் பதில் இரண்டு கொக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஒரே உயரத்தில். அப்போதுதான் கதவு அறைந்து சாத்தும்போதெல்லாம் படம் சாயாது. செங்கல், கான்கிரீட் சுவரில் டிரில் போட்டு பிளக் வைத்துத் திருகாணி முடுக்குங்கள். ஜிப்சம் பலகைச் சுவரில் அதற்கென்றே உள்ள விரியும் பிளக் வேண்டும், வெறும் ஆணி எடை தாங்காது. ஒட்டும் பட்டைகளை நம்புவதாக இருந்தால் பொட்டலத்தில் போட்டிருக்கும் எடைக்குள் நிற்கும் சின்னப் படங்களுக்கு மட்டும், அதுவும் வழவழப்பான பெயின்ட் அடித்த சுவரில் மட்டும். மழையில் ஈரம் கோக்கும் வெளிச்சுவர் என்றால் சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்பக்கம் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டிவிடுங்கள், படத்துக்கும் சுவருக்கும் நடுவில் கொஞ்சம் காற்று போய்வரும், பின்னட்டையில் பூஞ்சை பிடிக்கும் வாய்ப்புக் குறையும்.